கைகாத்தவன்

ஆவுடைப்பொட்டலில் பஞ்சாயத்துத் தலைவர் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கைகழுவும்போது, அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லோருடைய வலது கையும், வயலில் இருந்தாலும் வண்டியில் இருந்தாலும் மாமியார் வீட்டுப் பந்தியில் இருந்தாலும், தண்ணீர் இல்லாமலே விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும், கடைசியில் ஒரு உதறு உதறும், அப்புறம்தான் அந்தந்தக் கை அந்தந்த ஆளிடம் திரும்பி வரும். இது எந்தத் தேர்தலில் இருந்து தொடங்கியது என்பதில் ஊருக்குள் இன்னும் சண்டை உண்டு. மையில்தான் ஏதோ கோளாறு என்று சிலர் சொன்னார்கள், மை இடது கையில்தானே வைக்கிறார்கள் என்று மற்றவர்கள் அவர்களை மடக்கினார்கள். பெரியாஸ்பத்திரியில் இருந்து ஒரு டாக்டர் வந்து நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஆளுக்கொரு அட்டை சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காரணத்தை அதோடு விட்டுவிட்டார்கள். காரணம் தெரிந்துவிட்டால் மட்டும் கை நிற்கவா போகிறது?

தலைவரின் கை சும்மா இருக்கும்போது அவரவர் கை அவரவருடையது. அது எதையாவது செய்யப் புறப்பட்டால்தான் வம்பு. அவர் கும்பிட்டால் ஊரில் பாதி ஒற்றைக் கையால் கும்பிடும். அவர் ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், வாழ்நாளெல்லாம் கைநாட்டு வைத்துப் பழகிய வெள்ளையம்மாகூட நடவு வயலில் குனிந்தபடியே காற்றில் அழகாக ஒரு கையெழுத்துப் போடுவாள். எதில் போட்டாள் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. முன்பு இருந்த ஒரு தலைவர், வீட்டில் கைநீட்டுகிற ஆள். அவர் பெண்டாட்டியை அறைந்த ஒரு காலைநேரத்தில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த ஒரு தாயின் கை அந்தப் பிள்ளையையே அறைந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குப் போட்ட பெண்கள் இடது கையால் பிள்ளைக்கு ஊட்டப் பழகிக்கொண்டார்கள், முகூர்த்தநாள் குறிக்கிறவர்கள் தலைவர் தூங்கும் நேரத்தைக் கேட்டுத் தாலிகட்டு வைத்துக்கொண்டார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதற்கு முன்னால் யாருக்கு ஓட்டு என்று கேட்டார்கள். கேட்கவே வேண்டியதில்லை, கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கையே சொல்லிவிடும்.

தோற்றவனுக்குப் போட்டவர்களுக்கு இந்தத் தொந்தரவு எதுவும் கிடையாது. இதைக் கண்டுகொண்ட புத்திசாலிகள், ஓட்டும் போட்ட மாதிரி இருக்க வேண்டும், கையும் நம்மிடம் இருக்க வேண்டும் என்று, நிச்சயமாகத் தோற்கப்போகிறவனாகத் தேடிப் போய்ப் போட்டார்கள். ஒரு தடவை ஊர் முழுக்கவே புத்திசாலியாகிவிட்டதில் டீக்கடை உலகநாதன் ஜெயித்துவிட்டான். செய்தி கேட்டு அவன் அழுத அழுகையைச் சாவு வீட்டில்கூட யாரும் அழுததில்லை. அந்த ஐந்து வருஷமும் ஊரே காலையும் மாலையும் காற்றில் டீ ஆற்றியது, பயத்தில் அவன் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை, தெருவில் ஒரு பல்புகூட மாற்றப்படவில்லை. செல்லாத ஓட்டுப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் கை ஐந்து வருஷத்துக்குச் சூடு தெரியாமல், குளிர் தெரியாமல் மரத்துப் போய்க் கிடந்தது.

அப்புறம் ஒருநாள் தலைவர் ஏதோ கூட்டத்தில் கையை வீசிப் பேசியபோது மினிபஸ் டிரைவரின் கையும் வீசி, பஸ் ஓடைக்குள் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் உயிர் போகவில்லை. ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. ஸ்டியரிங் பிடிக்கிறவன், கறி வெட்டுகிறவன், ஊசி போடுகிறவள், கழுத்தில் கத்தி வைக்கிறவன், இவர்கள் ஓட்டுப் போடக் கூடாது. அதற்குப் பதிலாக, ஓட்டுப்பதிவு அன்று இவர்களைப் பெருமாள் கோயில் மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து, தோளில் புதுத்துண்டு போர்த்தி, வடை பாயசத்தோடு சாப்பாடு போடுவது என்றும், இவர்களைக் கைகாத்தவர்கள் என்று மரியாதையாகச் சொல்வது என்றும் ஏற்பாடு. மற்றவர்கள் எல்லாம் எவனெவனையோ சுமந்துகொண்டு திரியும்போது யார் பாவத்திலும் சேராத கை என்று அந்தக் கைகளைப் பார்த்து ஊர் ஏங்கியது. அந்த மண்டபத்தில் சாப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் கிழக்குத்தெருக்காரர்கள் என்பதையும், மற்ற நாட்களில் அந்த மண்டபத்துக்குள் அவர்கள் கால்வைக்க முடியாது என்பதையும் பாயசத்தின் ருசியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சலூன்கடை இசக்கியப்பனும் கைகாத்தவன். அவன் கடை பஸ் நிறுத்தத்தில், பெருமாள் கோயில் தெரு தொடங்குகிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. ஊரில் எத்தனையோ கைகள் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடிக் கழுத்தை நீட்ட முடிகிற ஒரே இடம் அவன் நாற்காலிதான். அதில் அவனுக்குக் கர்வம் இருந்தது, ஏன் இருக்கக் கூடாது? இருந்த ஒரே சொத்து அது.

பரமசிவன் தலைவராக இருந்தபோது ஒருநாள் ரேஷன்கடை தளவாய்க்கு இசக்கியப்பன் சவரம் செய்துகொண்டிருந்தான். போர்த்தியிருந்த துணிக்கடியில் தளவாயின் வலது கை திடீரென்று எழுந்து, துணியைத் தூக்கிக்கொண்டு சரசரவென்று கையெழுத்துப் போட்டது, ஒன்றல்ல, தாள் தாளாகப் புரட்டிப் போட்டது. அண்ணாச்சி இன்றைக்கு எழுதித் தள்ளுகிறார் போல என்று தளவாய் சொன்னான். இசக்கியப்பன் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்தான். இருவருமே சிரித்தார்கள். அடுத்த வாரம் குளத்துக்குள் மண் அள்ளும் மெஷின்கள் இறங்கின. அவை பரமசிவனின் சொந்த மெஷின்கள். வண்டல் எடுக்கிறோம் என்று சொல்லி அதற்குக் கீழே இருந்த மண்ணை எல்லாம் எடுத்து, குளத்தின் நடுவில் ஒரு வீடு முங்குகிற ஆழத்துக்குக் குழி போட்டார்கள். மழை வந்து குழியும் குளமும் ஒரே மட்டமாக நிரம்பியபோது, ஆடு குளிப்பாட்ட இறங்கிய அபிராமி திரும்பி வரவில்லை. அவள் இசக்கியப்பனின் தங்கை மாரிக்கனியின் ஒரே மகள், நாலாம் வகுப்பு.

பரமசிவன் மாலையோடு வந்தார். அவர் குனிந்து பிள்ளையின் மேல் மாலையை வைத்தபோது, அவருக்கு ஓட்டுப் போட்ட எல்லோருடைய கையும், அங்கே நின்றவர்கள் தொடங்கித் தெருமுனைவரை, அதற்கு அப்பால் கடைத்தெருவிலும் களத்திலும், காற்றில் குனிந்து ஒரு மாலையை வைத்தது. அழுதுகொண்டே வைத்தார்கள் அவர்கள். தங்கள் கை குழி தோண்டிய கை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இசக்கியப்பனின் கை மட்டும் அவன் பக்கத்தில் சும்மா தொங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு அந்தக் கையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. போன தேர்தலில் பரமசிவன் ஜெயித்த ஓட்டு வித்தியாசம், அன்றைக்கு மண்டபத்தில் பாயசத்துக்குப் போட்ட இலைகளின் எண்ணிக்கையைவிடக் குறைவு.

கருமாதி முடிந்து மாரிக்கனி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"உன் கையில ஒரு அழுக்கும் இல்லண்ணே. அதை வச்சு நான் என்ன செய்யட்டும்?"

அடுத்த தேர்தல் வந்தது. ஒரு பக்கம் பரமசிவன், ஏணிச் சின்னம். இன்னொரு பக்கம் நல்லபெருமாள், சீப்புச் சின்னம். மூன்றாவதாக நிற்க யாரும் முன்வரவில்லை, உலகநாதன் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

நல்லபெருமாள் யார் என்று இசக்கியப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இசக்கியப்பனின் அப்பா, நாற்பது வருஷம் ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் முன்னால் நடந்து சங்கு ஊதியவர். பெருமாள் கோயில் தெரு வழியாக எத்தனை பாடைகளைச் சுடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. அவர் செத்தபோது அதே தெருவின் வாயில் நல்லபெருமாள் நின்றுகொண்டு, வலது கையை உயர்த்தி, கிழக்குத்தெருப் பிணம் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொன்னார். அதட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை, கையை மட்டும்தான் உயர்த்தினார். நடவுக்குத் தொழி அடித்துச் சேறாக்கிப் போட்டிருந்த வயல் வழியாக, தொடைவரை சேற்றில், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு இடத்தில் பாடை சாய்ந்தது. இப்போது நல்லபெருமாள் இரண்டு வாக்குறுதி கொடுத்திருந்தார். குளத்துக்குள் ஒரு மெஷினும் இறங்காது, ஏனென்றால் அவருடைய வயல்கள் எல்லாம் அந்தக் குளத்துப் பாசனம். கோயில் தெரு வாயில் இரும்பு கேட் போடுவார், ஏனென்றால் அவருக்கு வயதாகிறது, எத்தனை நாளைக்குக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பது?

இசக்கியப்பன் ஓட்டுப் போடப் போகிறேன் என்று சொன்னதும் அவன் பெண்டாட்டி முப்பிடாதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் சொன்னது எல்லாம் நியாயமாக இருந்ததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. கை போனால் கடை போகும், கடை போனால் என்ன தின்பது என்று கேட்டாள். பரமசிவனுக்குப் போட்டால் மாரிக்கனி முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நல்லபெருமாளுக்குப் போடுவீங்களோ? மாமாவைச் சேத்துக்குள்ள சாச்சாரே, அந்தக் கையை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறீங்களோ? அந்தக் கையாலதான் எனக்குச் சோறு போடுவீங்களா?"

ஓட்டுப் போடாமல் இருந்தால் பரமசிவன் வருவார், குளத்தில் இன்னும் குழி விழும், அதில் இறங்க இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. நல்லவர் யார் என்று தேடுகிற தேர்தல் இல்லை இது, எந்தக் கேடு என் கையோடு இருக்கலாம் என்று பார்க்கிற தேர்தல் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

ஓட்டுப்பதிவு அன்று மண்டபத்தில் இலை போட்டு, துண்டு போர்த்தி, பாயசம் ஊற்றப்போகும் நேரத்தில் இசக்கியப்பன் எழுந்தான். கை கழுவ எழுகிறான் என்று நினைத்தார்கள். அவன் இலையை மடித்துவிட்டு, துண்டை உட்கார்ந்திருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தான். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், மரியாதையால் இல்லை, பயத்தால். மறைப்புக்குள் சீட்டை விரித்து ரப்பர் ஸ்டாம்பைப் பிடித்தபோது, எத்தனையோ கழுத்துகளில் தயங்காமல் ஓடிய அந்தக் கை, ஏணிக்கும் சீப்புக்கும் இடையில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சீப்பின் மேல் குத்தினான். மன்னித்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

நல்லபெருமாள் ஒரு பிடி ஓட்டில் ஜெயித்தார். செய்தி வந்த நிமிஷத்தில் இசக்கியப்பனின் வலது கை தானாக எழுந்து, நெஞ்சுக்கு நேரே நின்று, ஊரைக் கும்பிட்டது.

மறுநாளில் இருந்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஊர்க்காரர்கள் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய்ச் சவரம் செய்துகொண்டு, அந்தச் செலவையும் சேர்த்து அவனைத் திட்டினார்கள். முப்பிடாதி கடை வாசலில் இட்லி வியாபாரம் தொடங்கினாள். அவனிடம் பேசவில்லை. சட்னி அரைக்கிற நேரத்தில் மட்டும், அவன் கை பக்கத்தில் வந்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

அவன் காலியான கடையில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது காலையில் மூக்குப்பொடி எடுத்தது. பத்து மணிக்கு யாரையோ போ என்று விரட்டியது. சாயங்காலம் ஒரு குழந்தையின் தலையைத் தடவியது, அது நல்லபெருமாளின் பேத்தியாக இருக்க வேண்டும். அந்தத் தடவலில் இருந்த பிரியம் இசக்கியப்பனின் உள்ளங்கையில் சூடாக ஏறியது, பிள்ளையின் மயிர் எண்ணெய் வழுக்குவதுகூடத் தெரிந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அந்த ஆளை வெறுப்பதற்கு அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது, அந்த வெறுப்பில்கூடக் கைவைத்துவிட்டார் என்று ஆத்திரமாக வந்தது.

குளத்தில் ஒரு மெஷினும் இறங்கவில்லை. பழைய குழிகளை மூடக் கரம்பை மண்ணை வண்டி வண்டியாக அடித்தார்கள். தண்ணீர் தெளிந்து, மாடுகளும் பிள்ளைகளும் திரும்ப இறங்கின. மாரிக்கனி தினமும் போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அது இந்தக் கைதான் செய்தது என்று இசக்கியப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு ஒரு மத்தியானம் கை கையெழுத்துப் போட்டது. மூன்றாம் நாள் கோயில் தெரு வாயில் தூண் நடக் குழி எடுத்தார்கள். அதுவும் இந்தக் கைதான் செய்தது, அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

கேட் திறப்பு விழா என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். மூடுவதற்கென்று வைத்த கேட்டுக்கு எப்படித் திறப்பு விழா என்று யாரும் கேட்கவில்லை. விழா அன்று விடிந்ததும் நல்லபெருமாள் சலூன் வாசலில் வந்து நின்றார். மற்றவர்களைப்போல பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் உட்கார்ந்திருக்கத் தலைவருக்கு நேரமில்லை. அவர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தார்.

"எல்லாரும் உன்கிட்ட வரப் பயப்படலாம் இசக்கி, நான் பயப்பட வேண்டியதில்ல பாத்துக்கோ. என் கை சும்மா இருந்தா உன் கை உன்னோடதுதான?"

ஆமாம் அண்ணாச்சி என்றான் இசக்கியப்பன். நாற்காலியைத் துடைத்தான், துணியைப் போர்த்தினான். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த நிமிஷத்தில் ஊரில் அவருக்கு ஓட்டுப் போட்ட எல்லோருடைய கையும் அவரவருடையதாயிற்று. வெகுநாளைக்குப் பிறகு முழுசாக ஒரு கட்டுப் பூவைத் தொடுத்து முடித்தவர்கள் உண்டு, வலது கையால் பிள்ளைக்குக் கடைசி வாய்வரை ஊட்டியவர்கள் உண்டு. காரணம் தெரியாமல் அவர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இசக்கியப்பன் நுரை குழைத்தான், தடவினான், கத்தியை விரித்தான். கை அவன் சொன்னபடி கேட்டது. அதன் கனமே அவனுக்கு மறந்து போயிருந்தது.

ஒரு கன்னம் முடிந்து அடுத்த கன்னமும் முடிந்து, தலையை அண்ணாந்து சாய்த்துக் கழுத்தில் கத்தி வைத்தபோது கிழக்கில் இருந்து கொட்டுச் சத்தம் வந்தது. முந்தின நாள் இரவு கிழக்குத்தெருவில் வண்டிக்காரச் சங்கிலி செத்துப் போயிருந்தார். கேட் அன்றைக்குத்தான் பூட்டப்போகிறார்கள் என்பதால், அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அந்த வழியே போய்ப் பார்த்துவிடுவது என்று அவர்கள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். மாரிக்கனி கூட்டத்தில் முதல் ஆளாக வந்தாள். கேட்டருகே நின்ற இரண்டு பேர் கதவில் ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்துக்கொண்டு, எதிரே சலூனுக்குள் நாற்காலியில் இருந்த தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைக் காட்ட வேண்டியதுதான், சாத்திவிடுவார்கள்.

நல்லபெருமாள் கண்ணாடியில் அதைப் பார்த்தார். துணிக்கடியில் அவர் கை எழ நினைத்தது, அதை இசக்கியப்பன் தன் மணிக்கட்டிலேயே உணர்ந்தான், கத்தி ஒரு நூல் அசைந்தது. கை திரும்ப மடியில் போய் விழுந்தது. வாயைத் திறந்து சொல்லவும் முடியாது, பேசினால் குரல்வளை அசையும், குரல்வளையின் மேல்தான் கத்தி இருந்தது. பாடை வந்தது. கேட்டில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், உத்தரவு வரவில்லை. பாடை அவர்களைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பூ இறைபட, பெருமாள் கோயில் தெருவுக்குள் நுழைந்தது. மாரிக்கனி ஒரு தடவை சலூனைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

கொட்டுச் சத்தம் தூரமாகப் போன பிறகும் கத்தி எடுபடவில்லை. நல்லபெருமாளின் கழுத்தில் மெதுவாக ஒரு சிவப்புக் கோடு விழுந்து, அதன் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு, வெள்ளை நுரைக்குள் இறங்கியது. அவருடைய இரண்டு கைகளும் மடியில் அசையாமல் இருந்தன. அவர் உதட்டை மட்டும் அசைத்து, காற்றுக் குரலில் சொன்னார்.

"இசக்கி, நான் கையை அசைக்கலியே."

இசக்கியப்பன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான்.

"தெரியும் அண்ணாச்சி," என்றான். "இது என் கை."

கத்தியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்தான்.